கேமராவுக்கு எந்த பேட்டரி? டெல்டாக்காரர்களுக்கு ஓர் ஒப்பீடு

தை பிறந்து முகூர்த்த நாட்கள் தொடங்கினால் போதும், இந்தக் கேள்வி வரிசையாக வந்துவிடும். மன்னார்குடி பக்கம் புதிதாக ஸ்டூடியோ போட்ட தம்பி கேட்பார்: "அண்ணே, ஒரு கம்பெனி பேட்டரி விலைக்கு வெளி பேட்டரி மூணு வருது. எதை வாங்க?" பீரோவில் கிடந்த பழைய கூல்பிக்ஸ் கேமராவைத் தூசி தட்டிய வாத்தியார் கேட்பார்: "ரீசார்ஜ் செல்லா, சாதா செல்லா?" கோடியக்கரைக்குப் பறவை பார்க்கக் கிளம்பும் கல்லூரிப் பிள்ளைகளுக்குப் பவர் பேங்க் போதுமா என்று சந்தேகம்.

ஒரே பதில் எல்லோருக்கும் பொருந்தாது. ஆனால் எல்லோரும் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான், பேட்டரி மேல் அச்சிட்டிருக்கும் எம்ஏஎச் எண்ணை, அதாவது எவ்வளவு சார்ஜ் கொள்ளும் என்ற அளவை. அதைக் கடைசியாகப் பாருங்கள். சார்ஜ் தீரும்போது நீங்கள் எங்கே நின்றுகொண்டிருப்பீர்கள், அங்கிருந்து பிளக் பாயின்டோ கடையோ எவ்வளவு தூரம் என்பதுதான் முதல் கேள்வி. ஆழித்தேர் நிலையைவிட்டுக் கிளம்பிய பிறகு திருவாரூர் வீதிக் கூட்டத்துக்குள் மாட்டிக்கொண்டவருக்கும், கும்பகோணத்தில் ஏசி மண்டபத்துக்குள் படம் எடுப்பவருக்கும் ஒரே பேட்டரி சரிப்படாது.

## எதை வைத்து எடைபோடுவது

பாதி முடிவை கேமராவே எடுத்துவிடுகிறது. பேட்டரி மூடியைத் திறந்து பாருங்கள். பென்சில் செல், அதாவது ஏஏ செல், இரண்டோ நான்கோ போகும் குழி இருந்தால் உங்களுக்கு மூன்று நான்கு வழி உண்டு. தட்டையான ஒற்றை பேட்டரி போகும் குழி என்றால் வழி இரண்டுதான்: கம்பெனிது, வெளியாள் செய்தது. கல்யாண வேலை செய்பவர்களுக்கு இரண்டு தலைவலியும் சேர்ந்தே வரும். கேமராவுக்குத் தட்டை பேட்டரி, மேலே மாட்டும் ஃபிளாஷுக்குப் பெரும்பாலும் நான்கு பென்சில் செல்.

அடுத்தது இழுவை. சுவர்க் கடிகாரம் துளித்துளியாகத்தான் கரண்ட் எடுக்கும். கேமரா அப்படியில்லை. லென்ஸ் மோட்டார் ஓடும்போதும் ஃபிளாஷ் நிரம்பும்போதும் ஒரேயடியாக இழுக்கும். கடிகாரத்தில் ஒரு வருடம் ஓடிய அதே ரக செல் கேமராவில் பத்து நிமிடத்தில் கையை விரிப்பதற்குக் காரணம் இதுதான்.

மூன்றாவது, சும்மா கிடக்கும் காலம். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது, கேமரா பையை விட்டு வெளியே வராது. அந்தச் சமயத்தில் பேட்டரி தானாக எவ்வளவு இறங்குகிறது, பழுதாகிறதா என்பது முக்கியம். நான்காவது, நம் ஊர் வெயிலும் ஐப்பசி கார்த்திகை ஈரமும். ஐந்தாவது, பில்லில் வராத செலவு: சார்ஜர், கசிந்து கெட்டுப்போகும் கேமரா, இரண்டு வருடத்தில் திரும்ப வாங்க வேண்டிய கட்டாயம்.

கேமரா பெட்டியில் "இத்தனை படம் எடுக்கலாம்" என்று போட்டிருப்பது ஜப்பானிய கேமரா உற்பத்தியாளர் சங்கமான சிப்பா வகுத்த சோதனை முறையில் வரும் எண். சோதனை நடப்பது 23 டிகிரி அறையில். கேமராவில் ஃபிளாஷ் இருந்தால் ஒரு படம் விட்டு ஒரு படத்துக்கு அது அடிக்கும். சித்திரை வெயிலில் சப்பரத்தின் பின்னால் ஓடுபவருக்கு அது அப்படியே பொருந்தாது. ஆனால் ஒரு கேமராவை இன்னொன்றோடு ஒப்பிட அந்த எண் நன்றாகவே உதவும். நிக்கானின் டி3500, உள்ளே கண்ணாடி வைத்த டிஎஸ்எல்ஆர் ரகம், ஒரு சார்ஜில் 1550 படம் எடுக்கும் என்கிறது. அதே கம்பெனியின் மிரர்லெஸ் (கண்ணாடி இல்லாத) கேமராவான இசட்50 சுமார் 300 தான். இரண்டின் பேட்டரியும் கொள்ளளவில் பெரிய வித்தியாசம் இல்லாதவை, முன்னதில் 1230 எம்ஏஎச், பின்னதில் 1120. மிரர்லெஸ்ஸில் சென்சாரும் திரையும் நீங்கள் படம் எடுக்காமல் சும்மா பார்த்துக்கொண்டிருக்கும்போதும் கரண்ட் குடிக்கின்றன. எம்ஏஎச் எண்ணைக் கடைசியாகப் பார்க்கச் சொன்னது இதற்காகத்தான்.

## ஒரு பார்வையில்

| வகை | கனமான இழுவையில் | சும்மா கிடந்தால் | நம் ஊர் வெயில், ஈரம் | அடுத்த சார்ஜ் | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|---|
| அல்கலைன் செல் | சீக்கிரம் தளரும் | வருடக்கணக்கில் தாங்கும், ஆனால் கசியலாம் | கேமராவில் விட்டுவைக்கக் கூடாது | நல்ல கடை எதிலும் வாங்கலாம் | திரும்பத் திரும்ப வாங்குவது, கசிவு |
| நிக்கல் ரீசார்ஜ் செல் | நன்றாகத் தாங்கும் | பழைய வகை இறங்கிவிடும், புது வகை தாங்கும் | சூட்டில் சார்ஜ் சரியாக ஏறாது | பிளக் வேண்டும் | நல்ல சார்ஜர் |
| ஒருமுறை லித்தியம் செல் (ரீசார்ஜ் ஆகாதது) | மிக நன்று | மிக நன்று | கவலை இல்லை | பெரிய ஊரில் அல்லது ஆன்லைனில் | விலை |
| கம்பெனி தட்டை பேட்டரி | மிக நன்று | நன்று | சூட்டில் ஆயுள் குறையும் | பிளக், புதியவற்றில் யுஎஸ்பி | முதல் விலை |
| வெளி தட்டை பேட்டரி | ஆளுக்கு ஆள் மாறும் | சந்தேகம் | உப்பலாம் | மேலதைப் போலவே | சீக்கிரம் மாற்றுவது, கேமரா ஏற்காமல் போவது |
| பவர் பேங்க், டம்மி பேட்டரி (பேட்டரி உருவத்தில் ஒயரோடு வருவது) | நீண்ட வீடியோவுக்கு ஏற்றது | பொருந்தாது | ஒயர் தொல்லை | தானே ஒரு சார்ஜ் | சரியான ஒயர், டம்மி |

## அல்கலைன் செல்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பெட்டிக்கடையில் சரமாகத் தொங்கும் மலிவு பென்சில் செல் பெரும்பாலும் அல்கலைன் கிடையாது, கார்பன் ஜிங்க். ரிமோட்டுக்கும் கடிகாரத்துக்கும் அது போதும். கேமராவில் போட்டால் லென்ஸ் வெளியே நீட்டும், "பேட்டரி தீர்ந்துவிட்டது" என்று காட்டும், அப்படியே அணைந்துவிடும். செல் புதுசுதானே என்று கடைக்காரரிடம் சண்டை போட்டுப் புண்ணியமில்லை. மேலே அல்கலைன் என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

அல்கலைனிலும் 2000 எம்ஏஎச்சுக்கு மேல் இருப்பதாகச் சொல்லும் கணக்கு, மெதுவாக எடுத்தால்தான் செல்லுபடியாகும். கேமரா, ஃபிளாஷ் போலக் கனமாக இழுத்தால் அதில் பாதிகூடக் கையில் வராது. செல்லின் வோல்ட் 1.5-இல் தொடங்கிப் படிப்படியாக இறங்கிக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் கேமரா போதாது என்று நின்றுவிடும், செல்லுக்குள் இன்னும் சரக்கு இருந்தாலும். அந்தச் செல்லைத் தூக்கிப் போடாதீர்கள். சுவர்க் கடிகாரத்தில் இன்னும் பல மாதம் ஓடும்.

நான்கு செல் போடும் கேமராவில் இந்தக் குறை அவ்வளவாகத் தெரியாது, சுமை நான்காகப் பிரிந்துவிடுகிறது. நிக்கான் கூல்பிக்ஸ் பி500-க்குக் (B500) கம்பெனி சொல்லும் கணக்கு அல்கலைனில் 600 படம், நிக்கல் ரீசார்ஜ் செல்லில் 750, ஒருமுறை லித்தியத்தில் 1240. இரண்டே செல் போடும் சின்ன கேமராக்களிலும் ஃபிளாஷிலும்தான் அல்கலைன் நிஜமாகவே திணறும்.

பெரிய ஆபத்து கசிவு. பொட்டாசியம் ஹைட்ராக்சைடு வெளியே வந்து, செல் தொடும் தகட்டில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பொருக்குத் தட்டி நிற்கும். பீரோவில் இருந்து வரும் பழைய கேமராக்களில் அடிக்கடி பார்ப்பது இதைத்தான். காரம் என்பதால் அமிலம்தான் அதற்கு மருந்து. காது குடையும் பஞ்சுக் குச்சியை எலுமிச்சைச் சாற்றில் லேசாக நனைத்து (பிழிந்து ஊற்றிவிடாதீர்கள்) பொருக்கின் மேல் ஒற்றுங்கள். சின்னதாக நுரைத்து இளகும். பிறகு சுத்தமான ஈரப் பஞ்சால் ஒருமுறை, உலர்ந்த பஞ்சால் ஒருமுறை துடைத்து, ஒரு நாள் மூடியைத் திறந்தே வையுங்கள். தகடு அரித்துக் கருத்துப்போயிருந்தால் மட்டும் சர்வீஸுக்குக் கொடுக்க வேண்டியிருக்கும். கையிலோ கண்ணிலோ அந்தப் பொருக்கு படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு குறை சொன்ன பிறகும் ஒரு பாக்கெட் அல்கலைன் வீட்டில் இருக்கட்டும் என்றே சொல்வேன். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறிய பிறகு, உள் கிராமங்கள் பலவற்றில் கரண்ட் வர வாரக்கணக்கானது. விழுந்த தென்னையையும் ஓடு பறந்த வீட்டையும் நிவாரணத்துக்காகப் படம் எடுத்து வைக்க வேண்டிய நேரம், ரீசார்ஜ் என்ற பேச்சே எடுபடாத நேரம். அப்படிப்பட்ட நாளுக்குப் பிரிக்காத பாக்கெட்டில் பல வருடம் தாங்கும் செல்தான் கைகொடுக்கும்.

## நிக்கல் ரீசார்ஜ் செல்

பென்சில் செல் போடும் கேமராவோ ஃபிளாஷோ வைத்திருக்கும் பெரும்பாலானவர்களுக்கு என் முதல் சிபாரிசு இதுதான். நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு என்பது முழுப் பெயர், கடையில் "ரீசார்ஜ் செல்" என்று கேட்டாலே எடுத்துத் தருவார்கள்.

"1.2 வோல்ட்தானே போட்டிருக்கு, 1.5 வேண்டாமா?" என்று கேட்காதவர் கிடையாது. அல்கலைன் 1.5-இல் தொடங்கினாலும் கேமரா இழுக்க ஆரம்பித்ததும் சரசரவென்று கீழே வந்துவிடுகிறது. நிக்கல் செல் 1.2-இலேயே கடைசி வரை கிட்டத்தட்ட நேராக ஓடுகிறது. உள்தடை குறைவு, அதனால் கேட்ட கரண்டை கேட்ட மாத்திரத்தில் தரும். ஃபிளாஷ் வைத்திருப்பவர்களுக்கு இது உடனே புரியும். ஒரு அடி அடித்த பிறகு மறுபடி விளக்கு எரிந்து தயாராகும் நேரம் அல்கலைனில் நீண்டுகொண்டே போகும், நிக்கல் செல்லில் டக் டக்கென்று வரும். கெட்டிமேளம் முழங்கி மூன்று முடிச்சு விழும் அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் ஃபிளாஷ் நிரம்பட்டும் என்று காத்திருக்க முடியாது. மாப்பிள்ளையை இன்னொரு தடவை கட்டச் சொல்லவும் முடியாது.

இதில் இரண்டு உட்பிரிவு உண்டு. 2500, 2700 எம்ஏஎச் என்று பெரிய எண் போட்டவை ஒரு வகை. சார்ஜ் செய்து உடனே பயன்படுத்தினால் நல்லவை, ஆனால் பழைய பாணியில் செய்த செல் சும்மா கிடந்தாலே மாதத்துக்கு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இறங்கிவிடும், வெயில் காலத்தில் இன்னும் வேகமாக. 2005-இல் சான்யோ கம்பெனி எனலூப் என்ற பெயரில் கொண்டுவந்த வகை இரண்டாவது. எண் 2000 பக்கம்தான், ஆனால் ஒரு வருடம் டப்பாவில் கிடந்தாலும் பெரும்பகுதி சார்ஜ் அப்படியே நிற்கும். இப்போது இந்த வகையைப் பல கம்பெனிகள் செய்கின்றன. பாக்கெட்டில் "முன்பே சார்ஜ் ஏற்றியது" என்று போட்டிருந்தால் பெரும்பாலும் இந்த வகைதான். கண்ணை மூடிக்கொண்டு இதையே எடுங்கள்.

மறைந்திருக்கும் செலவு சார்ஜரில் இருக்கிறது. செல்லோடு இலவசமாக வரும் மலிவு சார்ஜர் இரண்டிரண்டு செல்லாகச் சேர்த்து, மணிக்கணக்கு வைத்து ஏற்றும். ஜோடியில் ஒன்று பாதி சார்ஜோடு போயிருந்தால் அது அளவுக்கு மீறிக் கொதிக்கும், இன்னொன்று அரைகுறையாக நிற்கும். ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகப் பார்த்து, நிரம்பியதும் தானே நிறுத்தும் சார்ஜர் கொஞ்சம் விலை கூடுதல்தான். ஆனால் செல்லின் ஆயுளை முடிவு செய்வது அதுதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அல்கலைன் செல் ஒன்று 40 ரூபாய், ஒரு ஃபிளாஷுக்கு நான்கு என்றால் 160. நல்ல ரீசார்ஜ் செல் நான்கும் சார்ஜரும் சேர்த்து 2000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முகூர்த்தம், ரிசப்ஷன் சேர்ந்த ஒரு கல்யாணத்துக்கு அல்கலைன் இரண்டு செட் போகிறது என்றால், ஏழு கல்யாணத்துக்குள் ரீசார்ஜ் போட்ட காசை எடுத்துவிடும். வருடத்துக்கு ஒரு தடவை பேரப்பிள்ளை பிறந்தநாளுக்கு மட்டும் கேமரா எடுப்பவருக்கு எத்தனையோ வருடம் ஆனாலும் எடுக்காது. உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

பயன்படுத்துவதில் ஓரிரு விஷயம். நான்கு செல்லை ஒரு செட்டாக வைத்து மார்க்கரால் ஏ, பி என்று குறியுங்கள், செட்டைக் கலக்காதீர்கள். ஒரு கிழட்டுச் செல் மூன்று நல்ல செல்லோடு சேர்ந்தால் அது முதலில் காலியாகி, மற்றவை அதைத் தலைகீழாக அழுத்தி வீணாக்கிவிடும். தகரக் கூரைக்குக் கீழே மே மாத மத்தியானத்தில் சார்ஜ் போடாதீர்கள், ராத்திரி போடுங்கள். கேமரா மெனுவில் பேட்டரி வகை என்று ஓர் இடம் இருந்தால் (பி500 போன்றவற்றில் உண்டு) அதை மாற்றி வையுங்கள். இல்லாவிட்டால் கேமரா அல்கலைன் கணக்கில் பார்த்து, நிறைய சார்ஜ் இருக்கும்போதே குறைவு என்று காட்டிக்கொண்டிருக்கும்.

## ஒருமுறை லித்தியம், யுஎஸ்பி லித்தியம், போடவே கூடாதது

ஒருமுறை போட்டு எறியும் லித்தியம் ஏஏ செல் எடை குறைவு, அல்கலைனில் மூன்றில் இரண்டு பங்குதான். பொதுவாகக் கசியாது, உறைபனிக்கும் 60 டிகிரிச் சூட்டுக்கும் தாங்கும். நமக்கு உறைபனி எங்கே? கயிலாய யாத்திரையோ லடாக்கோ போகிறவர் வாங்கட்டும். இங்கே இருப்பவருக்கு, அவசரப் பையில் ஒரு செட் என்பதைத் தாண்டி விலைக்கு நியாயம் தெரியவில்லை.

பக்கத்தில் யுஎஸ்பி ஓட்டையோடு வரும் 1.5 வோல்ட் லித்தியம் செல் இப்போது ஆன்லைனில் நிறைய. உள்ளே சின்ன சர்க்யூட் வைத்து 1.5-இலேயே நிறுத்தி வைக்கிறார்கள். கடைசி நிமிடம் வரை கேமரா "முழு சார்ஜ்" என்று காட்டி, சட்டென்று செத்துவிடும். ஃபிளாஷின் இழுவையை அந்தச் சர்க்யூட் தாங்காமல் நின்றுவிடுவதும் உண்டு. ரிமோட், மைக் ரிசீவருக்குப் போடலாம்.

14500 என்று எண் போட்டு, ஏஏ அளவிலேயே 3.7 வோல்ட்டில் ஒரு லித்தியம் செல் வருகிறது, டார்ச்சுக்கானது. பார்க்க அச்சு அசலாகப் பென்சில் செல். நான்கு போட்டால் 6 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 15 வோல்ட்டுக்கு மேல் பாயும். கேமராவோ ஃபிளாஷோ அந்த நிமிடமே புகைந்துவிடும். வீட்டில் டார்ச் செல்லும் கேமரா செல்லும் ஒரே டப்பாவில் கிடந்தால் இன்றைக்கே பிரித்து வையுங்கள்.

## கம்பெனி தட்டை பேட்டரி

கேனான் எல்பி-இ17, நிக்கான் இஎன்-இஎல்15சி, சோனி என்பி-எஃப்இசட்100 என்று நீளும் லித்தியம் அயன் குடும்பம். இழுவைக்கு அசராது, மாதத்துக்குச் சில சதவீதம்தான் தானாக இறங்கும், எவ்வளவு மிச்சம் என்று கேமராவோடு சரியாகப் பேசும். குறை விலை ஒன்றுதான்.

ஒரே உருவத்தில் தலைமுறைகள் மாறுவதைக் கவனியுங்கள். நிக்கானின் பழைய இஎன்-இஎல்15, 15ஏ இரண்டும் இசட்6, இசட்7 கேமராக்களில் வேலை செய்யும், ஆனால் கேமராவுக்குள் வைத்து யுஎஸ்பி வழியே சார்ஜ் ஏறாது. அதற்கு 15பி அல்லது 15சி வேண்டும். கேனானில் எல்பி-இ6 1800 எம்ஏஎச், எல்பி-இ6என்எச் 2130, இரண்டும் ஒரே குழிக்குள் போகும். சில புதிய பாடிகளில் பழையதைப் போட்டால் தொடர் படம் எடுக்கும் வேகம் குறையும். செகண்ட் ஹேண்டில் "பேட்டரி மூணு சேர்த்துத் தர்றேன்" என்று சொல்பவரிடம் எந்த மாடல் என்று கேளுங்கள்.

இந்த வகையைக் கொல்வது பயன்பாட்டைவிடச் சூடுதான். முழு சார்ஜோடு சூட்டில் கிடப்பது அதற்குப் பெரிய கேடு. வல்லம் வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டில் ஒரு மத்தியானம் கிடந்த பேட்டரிக்கு ஆயுள் குறைந்திருக்கும், வெளியே தெரியாது. ஆடி, மார்கழியில் வேலை இல்லை என்றால் பாதி சார்ஜோடு, கேமராவிலிருந்து கழற்றி, பீரோவின் அடித்தட்டில் வையுங்கள். அடுத்த முகூர்த்தத்துக்கு முந்தின நாள் முழுதாக ஏற்றிக்கொள்ளலாம்.

## வெளி தட்டை பேட்டரி

இங்கேதான் அதிகம் பேர் குழம்புகிறார்கள், அதிகம் பணமும் போகிறது. வெளி பேட்டரி எல்லாமே மோசம் என்று சொல்ல மாட்டேன். தன் பெயரைத் தைரியமாகப் போட்டு, உத்தரவாதமும் கொடுத்து விற்கும் கம்பெனிகள் இருக்கின்றன. அவர்கள் சரக்கு இரண்டாவது மூன்றாவது பேட்டரியாகத் தாராளமாக ஓடும். பிரச்சினை, பெயரே இல்லாததும், கம்பெனி பெயரையே ஒட்டி வரும் டூப்ளிகேட்டும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை:

முதலில் எண். கேனான் தன் எல்பி-இ6என்எச் கூட்டுக்குள் 2130 எம்ஏஎச் அடைக்கிறது. அதே அளவுக் கூட்டில் யாராவது அதைப்போல ஒன்றரை மடங்கு போட்டிருந்தால், பேட்டரியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போகலாம். அடுத்து எடை. அசலையும் இதையும் இரண்டு கையில் வைத்துப் பாருங்கள், நன்றாக இலேசாக இருந்தால் உள்ளே சரக்குக் குறைவு. பிறகு இந்தியத் தர முத்திரை. லித்தியம் பேட்டரிகளுக்கு ஐஎஸ் 16046 பதிவு நம் நாட்டில் கட்டாயம். அந்த எண்ணும், ஆர் என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் லேபிளில் இருக்க வேண்டும். பில் கேட்டு வாங்குங்கள். பில் தரமாட்டேன் என்றால் அதுவும் ஒரு பதில்தான்.

மறைந்திருக்கும் செலவு வேறு மாதிரி வரும். 2013-இல் நிக்கான் டி5200, டி3200 போன்றவற்றுக்கு வந்த ஃபர்ம்வேர் (கேமராவுக்குள் ஓடும் மென்பொருள்) புதுப்பிப்புக்குப் பிறகு, அதுவரை ஓடிக்கொண்டிருந்த வெளிக் கம்பெனி இஎன்-இஎல்14 பேட்டரிகள் பலவற்றை கேமரா ஏற்க மறுத்தது. கேனானில் "இந்த பேட்டரியோடு தொடர்புகொள்ள முடியவில்லை, பயன்படுத்தலாமா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்கும். சதவீதக் கணக்கு தாறுமாறாக இருக்கும், 40 என்று காட்டி அடுத்த நிமிடம் அணையும். வெளி பேட்டரி மட்டுமே வைத்திருப்பவர் கேமரா கேட்கும் புதுப்பிப்புக்கு உடனே "சரி" அழுத்த வேண்டாம்.

உப்புவதுதான் உண்மையான அபாயம். ஒரு கண்ணாடி மேசையில் பேட்டரியைப் படுக்க வைத்து விரலால் சுண்டிப் பாருங்கள். நல்ல பேட்டரி அப்படியே இழுபட்டு நிற்கும். உப்பியது நடுவில் குமிழ்ந்திருப்பதால் சுழலும். சுழன்றால் அன்றைக்கே ஓய்வு கொடுத்துவிடுங்கள். உப்பியதைக் குழிக்குள் தள்ளினால் வெளியே எடுக்க கேமராவையே பிரிக்க வேண்டியிருக்கும். அதைக் குத்துவதோ, கொல்லையில் சருகோடு எரிப்பதோ கூடாது. முனைகளில் டேப் ஒட்டி மின்னணுக் கழிவு வாங்குபவரிடம் கொடுங்கள். 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பழையதைச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு உற்பத்தியாளருக்கு இருக்கிறது.

## பவர் பேங்கும் டம்மி பேட்டரியும்

மெலட்டூரில் நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி நடக்கும் பாகவத மேளா ராத்திரி தொடங்கினால் விடிய விடியப் போகும். அதை முழுதாக வீடியோ எடுக்க நினைப்பவர் பேட்டரி மாற்றிக்கொண்டே இருந்தால் நல்ல கட்டம் ஒன்று கட்டாயம் நழுவும். பேட்டரி உருவத்தில் ஒயரோடு வரும் டம்மியைக் குழிக்குள் போட்டு, மறுமுனையைச் சுவரிலோ பவர் பேங்கிலோ செருகிவிட்டால் ஒரே ஓட்டம். புதிய கேமராக்கள் பலவற்றில் டம்மியும் வேண்டாம், யுஎஸ்பி-சி ஒயரே போதும். ஆனால் சாதாரண போன் பவர் பேங்க் எல்லாம் ஒத்துவராது. பவர் டெலிவரி என்று போட்டது வேண்டும் என்று பல கேமராக்கள் அடம்பிடிக்கும், அதையும் வீட்டிலேயே ஒருமுறை சோதித்துவிடுங்கள்.

முக்காலியில் நிற்கும் கேமராவுக்கு இது பொருந்தும். தோளில் மாட்டி ஓடுபவருக்கு ஒயர் வெறும் தொல்லை. அவருக்குப் பவர் பேங்கின் வேலை வேறு: ஒரு பேட்டரி கேமராவில் ஓடும்போது இன்னொன்றை யுஎஸ்பி சார்ஜரில் போட்டுப் பைக்குள்ளேயே ஏற்றிக்கொள்வது.

## யாருக்கு எது

கல்யாணம் எடுப்பவர்: கம்பெனி பேட்டரி இரண்டு, பெயருள்ள வெளி பேட்டரி ஒன்று, ஃபிளாஷுக்கு ரீசார்ஜ் செல் மூன்று செட். தாலி கட்டும் நேரத்துக்குக் கம்பெனி பேட்டரி, சாப்பாட்டுப் பந்தியை எடுக்கும்போது வெளி பேட்டரி. முழு சார்ஜ் உள்ளதன் முனை மேலே பார்க்கவும், தீர்ந்தது கீழே பார்க்கவும் பையில் வையுங்கள், இருட்டில்கூடக் கைக்குத் தெரியும். ஃபிளாஷையே லித்தியம் பேக் உள்ளதாக மாற்றிவிட்டால் செல் தொல்லை ஒழியும், ஆனால் அந்தப் பேக் தீர்ந்தால் கடையில் செல் வாங்கிச் சமாளிக்கும் வழியும் சேர்ந்து ஒழியும். சிங்கப்பூர் மலேசியாவில் கல்யாணம் எடுக்கத் திருச்சியில் விமானம் ஏறுகிறவர்கள் உபரி லித்தியம் பேட்டரிகளைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், செக்-இன் பெட்டியில் அனுமதி கிடையாது.

பறவை பார்ப்பவர்: கார்த்திகையிலிருந்து மாசி வரை கோடியக்கரையிலோ வடுவூர் ஏரியிலோ காலை முழுவதும் நிற்பீர்கள். நீள லென்ஸின் அதிர்வு தடுப்பும் விடாமல் ஓடும் ஃபோகஸும் பேட்டரியை உறிஞ்சும். எம்ஏஎச் எண்ணுக்கு உண்மையான மதிப்பு இங்கேதான். இரண்டு கம்பெனி பேட்டரி, சட்டைப் பையில் அல்ல, நிழலில் இருக்கும் பைக்குள். ஏசி அறையிலிருந்து விடியலில் நேராகக் கடற்கரை ஈரக்காற்றுக்கு வந்தால் பேட்டரி முனையிலும் பனி பூக்கும். பையை மூடியபடியே கொஞ்ச நேரம் வைத்திருந்து பிறகு திறங்கள்.

தேர், ஆராதனை, கந்தூரி, கொடியேற்றம் என்று கூட்டத்துக்குள் போகிறவர்: பேட்டரியின் தரத்தைவிட எண்ணிக்கை முக்கியம். நடு வீதியில் மூடியைத் திறந்து மாற்றப் பழகிக்கொள்ளுங்கள். திரையில் படத்தைப் பார்த்துப் பார்த்து அழிப்பதை வீட்டில் வைத்துக்கொண்டால் கணிசமாக மிச்சமாகும்.

பீரோ கேமரா வாத்தியாருக்கு: முன்பே சார்ஜ் ஏற்றிய நிக்கல் செல் ஒரு செட். சார்ஜரில் காசு போட மனமில்லை என்றால் அல்கலைன், ஆனால் விசேஷம் முடிந்த அன்றே கழற்றிவிட வேண்டும்.

இன்னும் கேமராவே வாங்காதவர்களுக்கு வேலை எளிது, பேட்டரியைப் பார்த்து கேமராவைத் தேர்ந்தெடுக்கலாம். சோனி ஏ7-இன் இரண்டாம் தலைமுறை 1020 எம்ஏஎச் பேட்டரியோடு திரை வழியே 350 படம் பக்கம் எடுத்தது. மூன்றாம் தலைமுறைக்கு 2280 எம்ஏஎச் பேட்டரி வந்ததும் அது 710 ஆனது. பழைய சந்தையில் முன்னது மலிவாகக் கிடைக்கும்போது, கூடவே வாங்க வேண்டிய இரண்டு மூன்று பேட்டரி விலையையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள். படம் மட்டும் எடுப்பவர், வீடியோ வேண்டாதவர், ஊர் ஊராகச் சுற்றுபவர் என்றால், பழைய டிஎஸ்எல்ஆர் ஒன்று ஒரே பேட்டரியில் ஒரு கல்யாணத்தையே முடித்துவிடும். கடையில் வாங்கும்போது அந்த மாடலின் பேட்டரியைக் கம்பெனி இன்னும் விற்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். "வரும் சார், ஆர்டர் போடணும்" என்று இழுத்தால் விலையில் அதற்கும் சேர்த்துக் குறைக்கச் சொல்லலாம்.